தறி நின்ற வீட்டில் எங்கள் முயல்

மாதாவின் பிள்ளைகளுக்கு என் அன்பு வணக்கம். ஒரு முயலுக்காகவா இத்தனை அழுகை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை.

கருமத்தம்பட்டிப் பக்கம் எங்கள் வீடும் விசைத்தறிக்கூடமும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. எங்களுக்குக் குழந்தை இல்லை. சீனி என்ற வெள்ளை முயல்தான் வீடு முழுக்க ஓடித் திரிவாள். போன ஆவணியில் ஒரு காலை, குதிரைமசால் தழையோடு கூண்டைத் திறந்தேன். துள்ளி வந்து கையை முட்டுகிறவள், அன்று முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி மாதிரி பின்னால் கிடந்தன. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கால்நடை டாக்டர் தடவிப் பார்த்தார். முதுகில் அடியா, உள்ளே கிருமியா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மருந்து எழுதினார்.

"ஏனுங்க டாக்டர், பொழைச்சுக்குமுங்களா?"

"தீனி எடுக்கோணுமுங்க. வயிறு காஞ்சா முயல் தாங்காது. சத்தமில்லாத எடத்துல வெச்சுப் பாருங்க."

தறிக்காரர்கள் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? வீட்டுக்காரர் வீடு வந்ததும் எல்லாத் தறிகளையும் நிறுத்திவிட்டார். "மொசலுக்காகத் தறிய நிறுத்துன மகராசன்" என்று தெருவே கிண்டல் செய்தது.

மடித்த துணியில் படுக்கவைத்தேன். மூத்திரத்தில் நனைந்தால் துடைத்து, பக்கம் மாற்றிப் போடுவேன். சிரிஞ்சில் தழைச்சாறு கொடுத்தால் வாயோரம் வழிந்துவிடும். வெளியே ஒரு நாய் குரைத்தால் போதும், சீனியின் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். தழை அப்படியே வாடிக் கிடக்கும். ஜெபமாலையைக் கையில் எடுப்பேன். மங்கள வார்த்தை ஜெபம் பாதியிலேயே நின்றுவிடும். "தாயே, அதற்கு வாய் இல்லை, எனக்கு வழி இல்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நூல் கொடுத்தவர், தறியில் ஏற்றிய பாவு நூலை நெய்து துணியாகத் தரச்சொல்லி நெருக்கினார். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அம்மணி, பாவு முடிச்சுக் குடுக்கோணும். ஒரு தறிய மட்டும் ஓட்டிக்கட்டுமா?"

"ஓட்டுங்க. அது செத்தாலும் ஓட்டுங்க!" என்று கத்திவிட்டு, மாதா படத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். தறிச்சத்தம் எழுந்தது. அப்போது நான் வேண்டியது இவ்வளவுதான்: "சாவு வந்தால் வலிக்காமல் வரட்டும், தாயே."

திரும்பிப் பார்த்தேன். சீனியின் காதுகள் நிமிர்ந்திருந்தன. நடுக்கம் இல்லை. முன்னங்கால்களால் நகர்ந்து போய், ஒரு தழையை இழுத்து மென்றாள். பிறகு இன்னொன்று.

பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்திலேயே வளர்ந்தவள். நல்லது செய்வதாக நினைத்து நாங்கள் கொடுத்த அமைதியில்தான் பயந்து செத்துக்கொண்டிருந்தாள்! தறிக்கூடத்துக்கு ஓடினேன். "எல்லாத் தறியும் ஓட்டுங்க!" என்றேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே அவர் நினைத்திருப்பார்.

தீனி இறங்கியது, மருந்தும் வேலை செய்தது. கிறிஸ்துமஸ் குடில் வைத்த சமயத்தில் ஒரு பின்னங்கால் தரையில் ஊன்றியது. பாவு முடிக்கும் அவசரத்தை அன்று அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் உதவியைக் கேட்டு, அதை எப்படிச் செய்வது என்றும் மாதாவுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன். இப்போது கேட்பதோடு சரி.

ஜெபிக்க வார்த்தை வராதவர்கள் நம்மில் யாராவது இருந்தால், பாதி ஜெபத்தோடாவது போய் உட்காருங்கள். அவள் கேட்பாள். சீனிக்கு இன்னொரு கால் இன்னும் இழுக்கிறது. அதற்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், தறிச்சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி.