தம்பி பார்த்துச் சொன்ன ஸ்கீ

மே மாத வெயிலில், லீவுக்கு வந்த சாத்தூர் வீட்டில், ஃபேனுக்கு நேர் கீழே வெறும் தரையில் படுத்துக்கொண்டு, பனியில் சறுக்க இரண்டாவது ஜோடி ஸ்கீ வாங்கலாமா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஆள் அந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனில் என் தோழி கறாராகச் சொல்லிவிட்டாள். "சீசன் முடிந்துவிட்டது, உன் உயரத்துக்கு இரண்டு ஜோடிதான் கடையில் மிச்சம். சனிக்கிழமைக்குள் எது என்று சொல்."

நான் நர்ஸ். பதினோரு வருடமாக ஆஸ்திரியாவில், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். தோழி அந்த ஊர்க்காரி, என்னோடு ஒரே வார்டில் இருப்பவள். என்னை முதன்முதலில் ஸ்கீயில் ஏற்றி நிற்கவைத்தவளும் நான் விழுந்தபோதெல்லாம் கூச்சமில்லாமல் சிரித்தவளும் அவள்தான். அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. "கட்டையில ஏறிச் சறுக்குறதுக்கா அம்புட்டுப் படிச்ச?" என்று ஒவ்வொரு லீவிலும் கேட்பாள்.

அம்மாவிடம் சொல்ல முடியாத ஒன்று உண்டு. எனக்கு வேகம் பிடிக்கும். அங்கே சரிவுகளை விடியும் முன்பே மெஷின் வைத்துச் சீவிவிடுவார்கள். காலையில் போனால் பனி கோடு கோடாக, இடியாப்பம் பிழிந்து விரித்த மாதிரி கிடக்கும். முதல் ஆளாக அதில் இறங்க வேண்டும். வார்டில் பத்து மணி நேரம் மற்றவர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுகிறவள் நான். அந்தச் சரிவில் மட்டும்தான் எனக்கென்று ஓடுவேன். முப்பத்தேழு வயதில் கிடைத்த சந்தோஷம் அது, அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் விட்டுக்கொடுத்திருந்தேன். பிப்ரவரியில் ஒரு காலை, பனி கல்லாக இறுகிக் கண்ணாடி போலப் பளபளத்த ஓர் இடத்தில் திரும்பப் போனேன். கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போக, அறுபது எழுபது அடி சறுக்கிப் போய் ஓரத்து வலையில் விழுந்தேன். எலும்பு எதுவும் உடையவில்லை. இடுப்பில் ஒரு பெரிய கறுப்புத் தடம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு முறை தோழி கூப்பிட்டாள். நான்கு முறையும் முட்டி வலி என்றேன். வீட்டிலும் அதையே சொல்லிவைத்தேன். நாற்பத்திரண்டு வயது, வெயில் ஊரில் பிறந்தவள், இதெல்லாம் உனக்கு எதற்கு என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தேன். அடுத்த குளிர்காலத்தில் மேலே போவேனா என்பதே எனக்குத் தெரியாது. இது தெரியாமல் அவள் எனக்கு ஸ்கீ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சமிருந்த இரண்டில் ஒன்று கொஞ்சம் அகலம். எல்லாப் பனிக்கும் பொது, தப்புச் செய்தாலும் மன்னிக்கும், கிட்டத்தட்ட நான் ஏற்கெனவே வைத்திருப்பதன் தங்கச்சி. இன்னொன்று நடுவில் ஒடுங்கியது, விறைப்பானது, உள்ளே உலோகத் தகடு வைத்தது. சீவிய சரிவில் வேகமாகப் போவதற்கென்றே செய்தது. அகலமானதைச் சொல்லிவிடலாம், இல்லையென்றால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்த நேரத்தில்தான் தம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான்.

என் தம்பி சிவகாசியில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறான். பட்டாசுப் பெட்டி லேபிள், டைரி, காலண்டர், அட்டைப்பெட்டி, எது அச்சாகி வந்தாலும் கடைசியில் அவன் கத்தியின் கீழ்தான் வந்தாக வேண்டும். ஐந்நூறு தாளை ஒரு கையால் அள்ளி விசிறி போல விரித்துக் காற்று ஏற்றி, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினால் நான்கு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும். நான் எத்தனையோ சர்ஜன்களின் கையைப் பார்த்திருக்கிறேன். அவனுடையதைப் போல அலட்டிக்கொள்ளாத கை கொஞ்சம்தான். இடது கை ஆள்காட்டி விரலில் நுனிக் கணு இல்லாமலேதான் அவன் இத்தனையும் செய்கிறான். ஆறு வருடம் முன்பு, மிஷினின் பொத்தான் ஒன்று சிக்கிக்கொண்டதில் போனது.

சோற்றைப் பிசைந்துகொண்டே என் போனை எட்டிப் பார்த்தான். தோழி அன்றைக்குத் தற்செயலாக எடுத்திருந்த வீடியோ, நான் விழுந்த வீடியோ, அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கீ பேச்சு வந்ததும் அதை அவள் மறுபடி அனுப்பியிருந்தாள், சிரிப்பதற்கு.

"கொடுக்கா." இடது கையால் வாங்கி நெஞ்சுக்கு நேரே பிடித்தான். ஒரு முறை பார்த்தான். பிறகு மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தான். மறுபடியும். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"சிரிச்சுத் தொலைலே," என்றேன்.

"நீ விழல," என்றான்.

"வலைக்குள்ள கெடக்குறது யாரு, ஒங்க மொதலாளியா?"

"அது இல்லக்கா. ஒடம்பு சரியாத்தான் நிக்குது, பாரு. சாஞ்சுதான் திரும்புற. கட்டைதான் பிடிக்காம நழுவுது. இதோட ஓரத்துல இரும்பு இருக்கா?"

இருக்கிறது என்றேன். ஸ்கீயின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய எஃகு விளிம்பு ஓடும். கல்லாக இறுகிய பனியை அதுதான் கீறிப் பிடித்துக்கொள்ளும்.

"அப்ப அது கத்தி. எம்புட்டு நாளைக்கு ஒருக்கா சாணை பிடிப்ப?"

அந்த ஸ்கீயை வாங்கி நாலு வருடமாகிறது. ஒவ்வொரு முறையும் ஈரத்தோடு பையில் போட்டு நிலவறையில் சாய்த்து வைப்பேன், அடுத்த முறை எடுத்துப் போவேன். கடையில் கொடுத்தால் தீட்டித் தருவார்கள் என்று தோழி சொல்லியும் இருக்கிறாள். நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிட்டேன்.

"நாலு வருசமா?" சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டான். நான் வலையில் கிடந்ததைப் பார்த்து வராத கோபம் இப்போது வந்தது. "யக்கா, கட்டிங்காரனுக்கு அக்கான்னு வெளிய சொல்லிராத. நாலு வருசம் சாணை பிடிக்காத கத்தியில நான் ஒரு ரீம் அறுத்தா, பிரஸ்ஸவிட்டே தொரத்திருவாக."

அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. தோழியைக் கூப்பிடச் சொன்னான். என் வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. வீடியோவில் அவள் நிலவறையிலிருந்து என் பழைய ஸ்கீயை எடுத்து வர, தம்பி சாத்தூர்த் தமிழில் உத்தரவு போட, நான் நடுவில் உட்கார்ந்து ஜெர்மனில் சொன்னேன். கட்டைவிரல் நகத்தை விளிம்பின் குறுக்கே இழுத்துப் பார்க்கச் சொன்னான். கூர்மை இருந்தால் நகத்திலிருந்து மாவு மாதிரி சீவிக்கொண்டு வரும். அவனும் கத்தியை அப்படித்தான் பார்ப்பான். தோழி இழுத்தாள். நகத்தில் ஒன்றும் வரவில்லை. துரு வந்தது. தங்கள் ஊரிலும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அவள் சொன்னாள். பனியையே கண்ணால் பார்க்காத இவனுக்கு இது எப்படித் தெரியும் என்றும் கேட்டாள். என் தம்பி என்று சொன்னபோது எனக்குக் கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்தது.

"சரி, அப்ப இதையே சாணை பிடிச்சுக்கிறேன். ரெண்டாவது எதுக்கு?" என்றேன். தப்பிக்க ஒரு வழி கிடைத்த மகிழ்ச்சி என் குரலிலேயே கேட்டிருக்கும்.

அவன் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போனான். அனல் காற்றில் முகம் காந்தியது. பிரஸ்ஸில் எல்லோரும், "வாங்கக்கா, நல்லாயிருக்கீகளா? எப்ப வந்தீக?" என்று கேட்டார்கள். அட்டைப்பெட்டி ஆர்டர் குவிந்து கிடந்த சமயம், நான்கு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவனுடைய மிஷினுக்குப் பின்னால் மரப்பெட்டியில் இன்னொரு கத்தி இருந்தது. கை நீளத்துக்கும் அதிகம், எண்ணெய் பூசிய எஃகு.

"மிஷின் ஒண்ணு. கத்தி ரெண்டு. எந்தக் கம்பெனிலயும் அப்படித்தான். இது மெல்லிசுத் தாளுக்கு, கூர்ப்பக்கத்தைச் சரிச்சுத் தீட்டுனது. இதை அட்டையில விட்டா வெட்டு நேரா எறங்காம சாஞ்சிரும். அட்டைக்கு மிஷினுல மாட்டிருக்கமே, அதுதான். ஒன் பழசு புதுசா விழுந்த மெத்துப் பனிக்கு நல்லதுன்னு வழியில நீயே சொன்ன. அதை அங்கன வச்சுக்க. கல்லுப் பனிக்கு வேற வேணும்."

அங்கிருந்தே தோழியைக் கூப்பிட்டோம். அவள் அதற்குள் ஸ்கீ கடைக்குப் போயிருந்தாள். இரண்டு ஸ்கீயையும் தரையில் ஊன்றி, நுனியைப் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்கச் சொன்னான். அகலமானது கொஞ்சம் திருகிக்கொண்டது. ஒடுங்கியது அசையவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருகியும் அசையவில்லை.

"அதுதான்," என்றான். "திருகுறது எதையும் பிடிச்சு நிக்காது. முன்னாடி வளையட்டும், நல்லது. திருகக் கூடாது."

கடைக்காரர் தோழியின் கையிலிருந்து போனை வாங்கி, அந்த ஆளைக் காட்டுங்கள் என்றார். மிஷின் எண்ணெய்க் கையோடு என் தம்பி திரையில் வந்து நின்று லேசாகத் தலையாட்டினான். என் வார்டு டாக்டர்கள் முன்னால்கூட நான் அவ்வளவு பெருமையாக நின்றதில்லை.

எல்லாம் முடிந்தது. வேண்டும் என்று ஒரு வார்த்தைதான் பாக்கி. எனக்கு அது வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

தம்பி கத்திப் பெட்டியை மூடினான். "முட்டிக்கு ஒண்ணும் இல்லல்லக்கா?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு எதிரே அவன் மிஷின் இருந்தது. அதே மிஷின்தான். அவன் விரல் போன வாரத்தில் நான் ஆஸ்திரியாவிலிருந்து தினமும் கூப்பிட்டேன். கட்டு மாற்றினாயா, மாத்திரை சாப்பிட்டாயா, சீழ் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு நர்ஸ் கேட்பதையெல்லாம் கேட்டேன். மறுபடி எப்படி இதன் முன்னால் போய் நின்றாய் என்று ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அங்கே வைத்துக் கேட்டேன்.

அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். "மொதல்ல ஒரு மாசம் கிட்டயே வரலக்கா. பின்னால உக்காந்து லேபிள் கட்டுனேன். பொத்தானைச் சரிபண்ணிட்டாகன்னு சொன்னாக, நம்பல. நானே பிரிச்சுப் பாத்தேன். பெறகு ஒருநா எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஒரு வெள்ளத் தாளை வச்சு அறுத்தேன். ஒண்ணே ஒண்ணு. வெளிய போய் வாந்தி எடுத்தேன். மறுநா ரெண்டு தாள்."

"இப்ப?"

"இப்பவும் காலையில மொத வெட்டுக்கு வயிறு பிசையும். பிசைஞ்சுட்டுப் போகுது."

தினமும் காலையில் பயந்துகொண்டே அந்தக் கத்தியை இறக்குகிறவனை, தைரியசாலி, அவனுக்கென்ன என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் எவ்வளவு பெரியவன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அங்கேயே நின்று தோழிக்கு எழுதினேன்: ஒடுங்கியது.

டிசம்பரில் அதை எடுத்துக்கொண்டு நான் மேலே போனபோது முதல் கேபிள் காரில் என்னையும் தோழியையும் தவிர ஆளில்லை. பழையதையும் அதற்குள் தீட்டி வாங்கி வைத்திருந்தேன், தம்பிக்குப் படம் அனுப்பிக் கணக்குக் காட்டியாயிற்று. உச்சியில் பனி கோடு கோடாகக் கிடந்தது. ஸ்கீயை மாட்டிக்கொண்டும் கம்பை ஊன்றியபடியே நின்றேன்.

"முட்டி எப்படி இருக்கிறது?" என்று தோழி கேட்டாள்.

"முட்டிக்கு என்றைக்கும் ஒன்றுமில்லை. பயம். இப்போதும் இருக்கிறது," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்றாள், போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு திருப்பம் தட்டுத் தடுமாறி. மூன்றாவதில் விளிம்பு பனியைக் கவ்வியது காலில் தெரிந்தது. பிப்ரவரியில் விழுந்த இடம் அதற்குக் கீழேதான், அன்றும் பளபளவென்றுதான் கிடந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. உடம்பைச் சாய்த்தேன், இடுப்பு ஏறக்குறைய தரையைத் தொட்டது, கட்டை நழுவவில்லை. வாய்விட்டு, தமிழில், அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைக் கத்தினேன். வலை பக்கத்தில் வந்தது, போயிற்று.

கீழே வந்து, தோழி எடுத்த வீடியோவை அனுப்பினேன். சாத்தூரில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். தம்பியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் அம்மா அவன் போனைக் கேட்டுச் சண்டை போடுவதும் கேட்டது. "யக்கா, மெதுவா ஓட்டி நாலு தடவ பாத்துட்டேன். கட்டை நல்லா நிக்குது. கடைசில கண்ணாடியக் கழட்டுறியே, அங்கன மூஞ்சி அழுகுற மாதிரி இருக்கு. எதுக்குக்கா அழுத?"

சந்தோசத்துலலே, என்று எழுதி அனுப்பிவிட்டு, மறுபடி மேலே போகிற வரிசையில் போய் நின்றேன்.