முழங்காலில் நான்கு நிமிடம்

என் வாழ்க்கையில் நான் எடுத்த போட்டோக்கள் மொத்தம் ஐந்து. நான்கில் இருப்பது ஒரே மலை. ஐந்தாவதால் ஒரு கோவிலையே மூடப் பார்த்தார்கள். இதை இத்தனை வருஷம் வெளியே சொல்லாமல் இருந்ததற்கு அடக்கம் காரணமில்லை.

போன வாரம் இஸ்திரிக் கடையில் என் வேட்டியில் ஒட்டியிருந்த மெழுகை எடுக்க, கடைக்காரர் அதன்மேல் ஒரு காகிதத்தைப் போட்டுச் சூடாகப் பெட்டியை வைத்தார். மெழுகு காகிதத்தில் ஏறியது. எடுத்துப் பிடித்தால் அதன் வழியே அவர் விரல் தெரிந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது.

அறுபதுகளின் கடைசி. ஓசூரில் குமாஸ்தா வேலை. அப்போது அங்கே தொழிற்சாலைகள் கிடையாது, குளிர் மட்டும்தான். மாலை ஐந்தரைக்கு மேல் இரண்டு காரியங்கள் செய்யலாம்: அறையில் நடுங்கலாம், நூலகத்தில் நடுங்கலாம். நூலகத்தில் ஓர் அட்டையில்லாத ஆங்கிலப் புத்தகம். கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பிலிமும் இல்லாமல், கண்ணாடித் தகடும் இல்லாமல், வெறும் எழுதுகிற காகிதத்தில் மருந்து தடவிக் கோட்டைகளையும் கோபுரங்களையும் படம் எடுத்த கதை. எங்கள் காலத்திலும் பிலிம் லேசில் கிடைக்காது. ஊரில் இருந்த ஒரே ஸ்டுடியோக்காரர் கல்யாணத்துக்குத் தவிர பிலிம் டப்பாவைத் திறக்க மாட்டார். எனக்கு வேறென்ன வேண்டும்?

கிருஷ்ணகிரியில் மூடிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து மரப்பெட்டிக் கேமரா வந்தது. சில்வர் நைட்ரேட் வந்தது. அதோடு என் பத்து விரல்களும் கறுத்தன. பெண் பார்க்கப் போன இடத்தில் கையை மடியிலேயே வைத்திருந்தேன். காபியைக்கூட எடுக்காததைப் பார்த்து, பையனுக்கு ரொம்பக் கர்வம் என்று சொல்லிவிட்டார்கள். படத்தைத் துலக்க ஒரு புளிப்புச் சத்து வேண்டும். அது, கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பார்களே, அந்த மாசிக்காயில் இருக்கிறது என்று புத்தகம் சொன்னது. நாட்டுமருந்துக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே வீட்டில் குழந்தையா என்று விசாரித்தார். போட்டோவுக்கு என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை எடுத்தேன். பத்து நிமிடம் லென்ஸ் மூடியைத் திறந்து வைக்கவேண்டும். மலை ஆடாமல் நின்றது. காகிதத்தின் மேல் மெழுகுவத்தியைச் சுரண்டிப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அது கண்ணாடிபோல் ஆகும். அதிலிருந்து இன்னொரு காகிதத்தில் படத்தை இறக்கலாம். ஒவ்வொரு பாறையும் விழுந்திருந்தது. அந்த மலையின் ஒத்துழைப்பை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏதோ வேலையாக ஆபீசுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தவர் சவரிமுத்து. பாகலூருக்கு அப்பால், மைசூர் எல்லையை ஒட்டிய சின்ன ஊரில் உபதேசியார்; சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லிக் கோவிலைக் கவனித்துக்கொள்பவர். ஊரில் மாதம் ஒரு பூசை. அதையும் நிறுத்திக் கோவிலை மூடிவிடலாமா என்று பிஷப்பின் மேற்றிராசனத்தில் யோசிக்கிறார்களாம். ஜனமே இல்லை என்று யாரோ எழுதிவிட்டார்கள். மூடினால் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், செத்தவர்களுக்கு மந்திரிப்பு எல்லாவற்றுக்கும் பத்து மைல் நடக்கவேண்டும். கோவிலும் ஜனமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

"மலையே வுழுந்திருக்குது. எங்க ஜனம் வுழாதா சார்?" என்றார்.

வெளிச்சத்துக்காக உச்சிவேளையைத் தேர்ந்தெடுத்தேன். இதை நினைவில் வையுங்கள். ஓட்டுக் கூரைபோட்ட கோவில் வாசலில் ஊரே நின்றது. ஆண்கள் வெள்ளைச் சட்டை, பெண்கள் வெள்ளை முக்காடு, நடுவில் சவரிமுத்து. தமிழ், கன்னடம், தெலுங்கு கலந்து பேசுகிற ஊர் என்பதால் மூன்றிலும் சொன்னேன்: அசையாதீங்க, அல்லாடபேடி, கதலவத்து. நான்கு நிமிடம். மூடியைத் திறந்தேன்.

அரை நிமிடம் ஆகியிருக்கும். சவரிமுத்து அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். வரிசையை விட்டு நடந்துபோய் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். காலை, உச்சி, மாலை என்று மணியடித்துச் சொல்கிற திரிகால ஜெபம். முப்பது வருஷப் பழக்கம். அவரைக் குறைசொல்ல முடியாது. மொத்த ஊரும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கோவிலைப் பார்த்து முழங்காலில் நின்று தலையைக் குனிந்தது. நான் மூன்று பாஷையில் சொன்னதை மணி ஒரே பாஷையில் ரத்து செய்தது. ஜெபத்தின் நடுவே கத்த முடியுமா? நிற்கிறவர்களைவிட முழங்காலில் இருப்பவர்கள் ஆடாமல் இருப்பார்கள் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.

படம் பிரமாதம். ஓடுகளை எண்ணலாம். சவரிமுத்து படத்தில் இல்லவே இல்லை. குனிந்த தலைகள் சுவரின் இருட்டில் கரைந்துபோய், வாசல் முழுக்க வரிசை வரிசையாக வெள்ளையாய், மேல்பக்கம் வளைந்து, குட்டையாய் ஏதோ நின்றன. சவரிமுத்து வெகுநேரம் பார்த்தார். "ஆளுங்க எங்க சார்?" என்றார். கலையை ரசிப்பது பற்றி அவருக்குக் கால்மணி நேரம் விளக்கினேன். கடிதத்தில் கொடுத்திருந்த கெடு அன்றோடு முடிந்தது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினார்.

பதில் வந்தது. கட்டடம் திருப்தி. ஆனால் கோவில் வாசலிலேயே இத்தனை கல்லறைகள் இருப்பது முறையல்ல. உயிரோடு இருப்பவர்கள் யாரும் தென்படாததால் மூடுவதே சரியாக இருக்கலாம். கல்லறைகளை எங்கே மாற்றுவது என்று பார்க்க மேற்றிராசனத்திலிருந்து ஒரு சாமியார் வருவார்.

சவரிமுத்து என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாமியார் வருகிற அன்று வரச்சொல்லி ஆள் மட்டும் அனுப்பினார். போனேன். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய சாமியார் கையில் என் போட்டோ. வாசலில் ஊர் ஜனம். படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்லறைங்கல்லாம் எங்க உபதேசியாரே?"

சவரிமுத்து ஜனங்களைக் கை காட்டினார். "இவங்கதான் சாமி."

சாமியார் என்னைப் பார்த்தார். என் விரல்களையும் பார்த்தார். வந்தது வந்தாயிற்று என்று பூசை வைத்தார். உள்ளே இடம் போதாமல் பாதிப்பேர் வெயிலில் நின்றார்கள். கோவில் தப்பியது. இன்னொரு தடவை முகம் தெரிய எடுத்துத் தருகிறேன் என்று சவரிமுத்துவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிடப் போய்விட்டார்.

இப்போது அந்த ஓட்டுக் கோவில் இல்லை. காங்கிரீட்டில் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். ராகி விளைந்த நிலத்தில் கம்பெனி ஷெட்டுகள். வெள்ளை முக்காடு போடுவாரில்லை. உச்சிவேளையில் கம்பெனிச் சங்குதான் ஊதுகிறது. அதற்கு யாரும் முழங்காலில் நிற்பதில்லை, கேன்டீனுக்கு ஓடுகிறார்கள். சவரிமுத்து உண்மையான கல்லறைக்குப் போய்ப் பல வருஷமாகிறது. என் போட்டோவைப் பெரிதாக்கிப் புதுக் கோவில் நடையில் மாட்டியிருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பது: 'பழைய ஆலயமும் கல்லறைத் தோட்டமும்.'

போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது சவரிமுத்துவின் மனைவி லூர்தம்மா அந்தப் படத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, முன்வரிசையில் மூன்றாவதாக இருந்த வெள்ளையைத் தொட்டு, இது நீங்கள்தானே என்றேன்.

லூர்தம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"நான் எங்க சார் வந்தேன்? அன்னிக்குப் பேரிகை ஊர்ல சந்தை. எல்லாரும் முட்டி போட்டுக்கினா தக்காளிய யாரு விக்கறது?"