யானை மாலை போட்ட பையனின் அம்மா

குழந்தைகளுக்கான கதைகளைக் குரலில் பதிவு செய்து கொடுப்பது என் வேலை. ஒரு செல்போன் செயலிக்காகச் செய்கிறேன். கோரிப்பாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில், துணி பீரோ இருக்கிற சின்ன அறைதான் என் ஸ்டுடியோ. சன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு பேசுவேன். அப்படியும் சிக்னலில் நிற்கிற பஸ்களின் ஹாரன் உள்ளே வந்துவிடும். ராஜசபையில் ஹாரன் கேட்டால் அந்த வரியை மறுபடி பேச வேண்டியதுதான்.

நான் சொன்னதிலேயே அதிகம் பேர் கேட்டது யானை மாலை போட்ட கதை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாரிசில்லாமல் ராஜா செத்துப்போகிறார். பட்டத்து யானையின் கண்ணைக் கட்டி, துதிக்கையில் மாலையைக் கொடுத்துத் தெருவில் விடுகிறார்கள். அது பெரிய பெரிய ஆட்களையெல்லாம் தாண்டிப் போய் ஒரு சிறுவனின் கழுத்தில் மாலையைப் போட்டு, அவனைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு அரண்மனைக்கு வந்துவிடுகிறது. அன்றிலிருந்து அவன்தான் ராஜா.

இன்றைக்கு இந்தக் கதை எங்கெங்கோ போய்விட்டது. படக்கதையில் அந்தப் பையனுக்குப் பயில்வான் தோள்கள். கார்ட்டூனில் யானை வாயைத் திறந்து பேசுகிறது. செல்போன் விளையாட்டில் நாமே அந்தப் பையன், ஓடிக்கொண்டே கிரீடம் பொறுக்க வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் யானைக்குள் இரண்டு பிள்ளைகள் குனிந்து நடந்து வருவார்கள். நான் சொன்ன கதையில், சிம்மாசனம் ஏறிய பையன் மந்திரியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வான், கணக்கு வாத்தியாருக்கு நிரந்தர லீவு கொடுப்பான். என் அண்ணன் மகன் சின்னவனாக இருந்தபோது அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அந்தக் கதையையே பெரிதாக, பல பாகங்களாகச் செய்து தரச் சொல்லி செயலிக்காரர்கள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் அண்ணன் போய்விட்டார். அலங்காநல்லூர் பக்கத்தில் எங்கள் ஊர். உர மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு திரும்பியவரை மெயின் ரோட்டில் டிப்பர் லாரி தட்டிவிட்டது. நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் மதினி, பிளஸ் டூ முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மகள், எட்டாவது படிக்கிற மகன்.

போஸ்ட்மார்ட்டத்துக்குக் காத்து நின்றது, உடலை ஊருக்குக் கொண்டுபோனது, பந்தல், சாப்பாடு என்று அத்தனையையும் தலையில் போட்டுக்கொண்டு செய்தவர் எங்கள் பெரியப்பா மகன். நான் அவரைப் பெரியண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அந்த நாட்களில் அவர் இல்லையென்றால் எங்களுக்குக் கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது. இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கருமாதி அன்றைக்கு உருமா கட்டினார்கள். தகப்பன் செத்தால் மகனுக்குத் தாய்மாமன் புது வேட்டியைத் தலைப்பாகையாகக் கட்டி, இனி இந்தக் குடும்பத்துக்கு இவன்தான் என்று சபைக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். மதினியின் தம்பி கட்டினார். சின்னத் தலை. துணி நிற்காமல் காதுவரைக்கும் இறங்கியது. அவன் கையால் தள்ளித் தள்ளி மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் திருநீறு பூசினார்கள். அவனைவிட நாலு வயசு மூத்தவள் அக்கா. அவள் பெண்களோடு பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நல்ல வெயில். அவன் மதினி இருந்த பக்கம் திரும்பி, "அம்மா, தண்ணி குடிச்சிட்டு வரட்டா?" என்று கேட்டான்.

பெரியண்ணன் அவன் தோளைத் தொட்டு, "நீ இனி யாருட்டயும் கேக்க வேண்டியதில்லப்பா. ஒன்னையத்தான் எல்லாரும் கேக்கணும். நீதான இனி இந்த வீட்டுக்கு ராசா" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பையன் தண்ணீர் குடிக்கப் போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மதுரைக்குத் திரும்பி மறுபடி எழுத உட்கார்ந்தேன். யானை தெருவுக்குள் வந்து நிற்கிற இடம்வரை ஓடியது, அதற்கு மேல் நகரவில்லை. மாலை விழுந்தபின் அந்தப் பையனின் அம்மா என்ன ஆனாள் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டிலிருந்த படக்கதைகளைப் புரட்டினேன். யானையின் முதுகில் பையன் ஏறியதும் அடுத்த பக்கம் அரண்மனை. அம்மா எதிலும் கிடையாது. நான் சொன்ன பழைய பதிவைப் போட்டுக் கேட்டேன். 'அவன் அம்மா ஆனந்தக் கண்ணீர் வடித்தாள்' என்று ஒரே ஒரு வரி. அதைச் சொல்லும்போது என் குரல் வெண்ணெய் மாதிரி குழைந்திருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஊரில் காரியங்கள் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தன. கிணற்றடி வயலில் மல்லிகை போடலாம் என்று மதினி நினைத்தாள். தானே பறிக்கலாம், தன் கைக்குள் இருக்கும் என்று அவளுக்கு எண்ணம். பெரியண்ணன் டிராக்டரை இறக்கி நெல்லுக்கு உழுதுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "தம்பிட்டக் கேட்டுட்டேன்மா. சரின்ட்டான்" என்றார். பையன் சரி என்றுதான் சொல்லியிருந்தான். அவனுக்குப் பெரியப்பா முறையானவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கேட்டால் வேறென்ன சொல்வான்? ஊர்க் கூட்டத்துக்கும் அவனைத்தான் கூட்டிப்போனார்கள். அங்கே பெரியவர்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்களாம்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் பேச்சு மாறியது. மதினி கடைக்குக் கிளம்பினால், "எங்க போற?" என்று கேட்டான். அக்காவின் செல்போனை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அவுக அப்பா மாதிரியே அதட்டுறான்" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எங்கள் அண்ணன் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மதியம் பதிவு செய்துகொண்டிருந்தபோது மதினியின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அண்ணன் மகள்.

"அத்தே, தம்பி வேணாம்ன்ட்டான்."

"எதைடி?"

"காலேஜ. சீட்டு கிடைச்சிருச்சுத்தே. பெரியப்பா அவன்ட்டக் கேட்டாரு. அவன் வேணாம், அக்கா வீட்லயே இருக்கட்டும்ன்ட்டான்."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டாவது படிக்கிற பயல் சொல்வதைப் போய் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்வார்களா? மறுமுனையில் அவள் சிரிக்கவில்லை. "அம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது" என்றாள். அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். நான் போனபோது பெரியண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பையன் அவருக்குப் பக்கத்தில் காலை ஆட்டாமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அந்த வயசுப் பிள்ளை அப்படி ஆடாமல் அசையாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

"வாத்தா" என்றார் பெரியண்ணன். "வந்த விசயம் தெரியும். தகப்பன் இல்லாத பொம்பளப்பிள்ள தெனம் பஸ்ல போய்ட்டு வந்து, நாளப்பின்ன ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? தம்பியே யோசிச்சுத்தான் சொல்லிருக்கான்."

"அவன்ட்ட நான் தனியாப் பேசிக்கிறேண்ணே."

பையனைக் கூட்டிக்கொண்டு பின்னால் மாட்டுக் கொட்டத்துக்குப் போனேன். அண்ணன் வளர்த்த காளை கட்டிக்கிடந்தது. அவன் அதன் திமிலைத் தடவிக்கொண்டே நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா படிச்சா ஒனக்கு என்னடா?"

"வேணாம்த்தே."

"அதான் ஏன்?"

அவன் காளையின் கழுத்துக் கயிற்றைத் திருகினான். நான் மறுபடி கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவன் சட்டென்று திரும்பினான்.

"எல்லாரும் என்னையத்தான கேக்குறாங்க? நான் போன்னு சொல்லி, அந்த ரோட்டுல அக்காவுக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா? அப்புறம் நான்தான போகச் சொன்னேன்னு ஆகும்?"

அதிகாரம் பண்ணுகிறான் என்று நினைத்துத் திட்டத்தான் வந்திருந்தேன். அவன் அத்தனை நாளும் பயந்துகொண்டே இருந்திருக்கிறான். அம்மா கடைக்குப் போனால் பயம், அக்கா ஃபோனில் பேசினால் பயம், நெல்லுக்குச் சரி சொன்னதிலும் பயம். யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று சபையில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் உடம்பு விறைப்பாகவே இருந்தது.

கொட்டத்தின் வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்க வேண்டும். எல்லாம் கேட்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

"அத்தான், எம்மகளை நான் காலேசுக்கு அனுப்புறேன்" என்றாள்.

பெரியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவள் அவர் முன்னால் இப்படி நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. "தம்பி வேணாம்ன்ட்டான்லம்மா?"

"அவன் எட்டாப்பு படிக்கிற பய. அவனை ஏன் கேக்குறீக? நான் உசுரோடத்தான இருக்கேன்? எதாச்சும் ஆனா நான் அனுப்புனேன், எந்தலையில விடியட்டும்."

"அப்ப சபையில வச்சு உருமா கட்டுனது எதுக்கு?"

"எதுக்குன்னு எனக்கும் இப்பத்தான் தெரியுது. அவன் தலையில கட்டிட்டு நீங்கள்ல ஆளுறீக!"

பெரியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது. "இம்புட்டுப் பாடுபட்டதுக்கு நல்லா சொன்னம்மா" என்று எழுந்து போனார். அவர் மனசும் நொந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவரைப் பொறுத்தவரைக்கும் அவர் செய்தது கடமை.

நான் பையனைப் பார்த்தேன். பாரம் இறங்கிய முகத்தை எதிர்பார்த்திருந்தேன். அவன் முகம் சிவந்திருந்தது. பெரியப்பா முன்னால் அம்மா தன்னை 'எட்டாப்பு படிக்கிற பய' என்று சொன்னதுதான் அவன் காதில் விழுந்திருந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மதினி கதவைத் தட்டி, "வா சாமி, சாப்பிடு" என்றாள். அவன் திறக்கவில்லை.

மகள் என் வீட்டில் தங்கிப் படிப்பது என்று முடிவானது. நான் மதுரைக்குக் கிளம்பும்போதே பையையும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

அந்த வாரம் கதையை எழுதி முடித்தேன். இந்த முறை அம்மா யானைக்குப் பின்னாலேயே ஓடுகிறாள். அரண்மனை வாசலில் காவல்காரன் "நீ யார்?" என்று கேட்கிறான். "உள்ளே போகிற பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை" என்கிறாள். அனுப்பிய மறுநாளே செயலி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், அம்மா சீன் டச்சிங்கா இருக்கு. ஆனா பசங்க ஸ்கிப் பண்ணிருவாங்க. யானை ஏறினதும் நேரா கிரீடத்துக்குப் போயிரலாமா?" வேண்டாம் என்று வாதாடினேன். அந்தப் பாகம் இல்லாமல்தான் வெளியானது. என் குரலில்தான் வெளியானது.

பங்காளிகள் மதினியின் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அறுப்புக்கு ஆள் வரவில்லை, அவளே பக்கத்து ஊருக்குப் போய்க் கெஞ்சி மெஷினைக் கூட்டிவந்தாள். அடுத்த போகத்துக்கு மல்லிகை நட்டாள். பையன் அவளோடு பேசத் தொடங்க வெகுநாள் ஆனது. இப்போதும் தேவைக்குத்தான் பேசுகிறான்.

இந்த வருசம் ஊர்த் திருவிழாவில் அவனுக்கு மரியாதை செய்ய பெரியண்ணன் ஆள் அனுப்பினார். மதினி போக வேண்டாம் என்றாள். அவன் போனான். வளர்ந்துவிட்டான், பரிவட்டம் தலையில் கச்சிதமாக நின்றது. பெரியவர்கள் அவனிடம் 'வாங்க போங்க' என்று மரியாதையாகப் பேச, அவன் தலையை அசைத்து அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கூட்டத்தில் நானும் மதினியும் நின்றோம். அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமைகளில் அக்கா ஊருக்குப் போகும்போது பஸ் வருகிற நேரத்துக்கு அவன் ஸ்டாப்பில் வந்து நிற்கிறானாம். பஸ் தாமதமானால் ரோட்டைப் பார்த்தபடியே நிற்கிறானாம். இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான்.

"பாவமா இருக்குத்தே" என்றாள் அவள் ஒருநாள், என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "யாரோட எறங்குறேன்னு பாக்குறானோன்னும் தோணுது" என்றாள்.