மழைக்குப் பல் இல்லை

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் வெண்பாக்கா என்றே கூப்பிட்டார்கள். வேலை என்னவோ பசை ஒட்டும் பிரிவில்தான். ஆனால் பள்ளியில் தமிழாசிரியை முட்டியில் பிரம்பால் அடித்து ஏற்றிய யாப்பிலக்கணம் இறங்கவே இல்லை. மழைக்காலம் பிறந்தால் போதும், கழிவு அட்டையில் சாக்பீஸால் ஒரு பேய்க் குறள் எழுதித் தண்ணீர்க் குழாய்க்கு மேலே மாட்டிவிடுவாள்.

"என்னக்கா, இந்த வருஷம் பேய் ஆணா பொண்ணா?" என்பார் பசை காய்ச்சுகிற பெரியவர்.

"உங்க வீட்டுக்கு வந்தா நீங்களே பாத்துக்கங்கண்ணே."

"எங்க வீட்டுக்கா? ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, இடமில்லைம்மா."

போன மழையில் நெட்டையன் என்கிற ஆளுக்குப் பஞ்சிங் மெஷினில் விரல்கள் நசுங்கின. அப்போது அவள் எழுதியது இது:

மாரி பிறந்ததும் வாய்பிளக்கும் பேயிடம்
கூரிய பல்லும் பசி.

எல்லோருக்கும் புல்லரித்தது. அவளுக்கும் பெருமைதான். அந்த மெஷின் உண்மையிலேயே வாய்போலத் திறந்து மூடும். திறக்கும்போது அட்டையை வைக்க வேண்டும். மூடும்போது உள்ளே பதித்த கத்திகள் பெட்டியின் வடிவத்துக்கு வெட்டும். முதலில் சிரிப்புக்குச் சொன்னார்கள், பிறகு பயந்து சொன்னார்கள், கடைசியில் மழை வந்தால் மெஷினுக்குள் பேய் வருகிறது என்றே நம்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் அந்த அட்டையைக் கழற்றவே விடவில்லை. "நல்லா எழுதியிருக்கம்மா, தொங்கட்டும்" என்றான்.

இந்த மழையில் அந்த வாய், அதே மெஷினில் வேலை பார்த்த அவள் தம்பியின் வலக்கையைத் தின்றது.

அலறல் கேட்டு ஓடிப்போனபோது மெஷின் இன்னும் நிற்கவில்லை. நசுங்கிய கையின் மேலேயே மறுபடி ஒருமுறை மூடியது. எலும்பு நொறுங்குகிற சத்தம் மோட்டார் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. பெரியவர் மெயின் சுவிட்சை இழுத்த பிறகுதான் அவனை உருவ முடிந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன் சொன்ன முதல் வார்த்தை அவளை அறைந்தது. "உள்ளேயிருந்து யாரோ இழுத்தாங்கக்கா. நீ எழுதினியே, அதுதான்."



மறுநாள், "உன் தம்பி ரத்தம்தானே, நீயே கழுவு" என்று வாளியைக் கொடுத்தான் சூப்பர்வைசர். பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள். கத்திகளுக்கிடையே அட்டை பிசின்போல ஒட்டியிருந்தது. ஈரம் குடித்து ஊதிய அட்டை. பசைப் பிரிவில் அவள் தினமும் திட்டித் தீர்க்கும் அதே அட்டை. மழைக்காலத்தில் அது கத்தியில் சிக்கும். கையை விட்டுத்தான் பிடுங்க வேண்டும். அதற்காகவே மெஷினின் வாயில் ஒரு கம்பி உண்டு, கை பட்டால் மெஷின் நின்றுவிடும். சுரண்டிக்கொண்டே போனவள் அந்தக் கம்பியைப் பார்த்தாள். அசையாதபடி அதைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"இதை யாரு கட்டினது?"

"மழை வந்தா அட்டை சிக்குது, கையை விடவிட நிமிஷத்துக்கு நிமிஷம் மெஷின் நிக்குது. வேலை ஓட வேண்டாமா? சூப்பர்வைசர்தான் போன மழையிலயே கட்டச் சொன்னாரு" என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி. "பேய் இருக்கிற மெஷினுக்குக் கம்பி இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு நாங்களும் விட்டுட்டோம்."

குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். அந்த இடத்தை எதுகை மோனையோடு கட்டிக் கொடுத்தது அவள்.

விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வந்தார். ஆபீஸ் அறையிலேயே டீ குடித்தபடி கேட்டார். வந்தவர்கள் எல்லோரும் பேய் என்றார்கள். சூப்பர்வைசர் குறள் அட்டையையே கொண்டுவந்து நீட்டினான். "பாருங்க சார், அவன் சொந்த அக்காவே எழுதினது. பேய்ப் பயத்துல தடுமாறிக் கையை விட்டிருக்கான். மெஷின் மேல தப்பில்ல." அதிகாரி பேனாவைத் திறந்தார். அவர் அப்படி எழுதிவிட்டால் அன்று மதியமே மெஷின் ஓடும், அடுத்த கை உள்ளே போகும்.

வெண்பாக்கா கட்டிங் பிளேயரோடு உள்ளே வந்தாள். "எழுதினவ நான்தான் சார். அது பொய். எழுந்து வாங்க, உண்மையைக் காட்டறேன்."

"மரியாதையாப் போடி வெளியே!" சூப்பர்வைசர் விட்ட அறையில் உதடு கிழிந்தது. அவள் நிற்கவில்லை. மெஷின்வரை துரத்திவந்து இரும்புக் குழாயால் முதுகில் போட்டான். மண்டியிட்டு விழுந்தவள் விழுந்த வாக்கிலேயே கட்டுக்கம்பியை வெட்டினாள். மறுபடி ஓங்கிய குழாயைப் பெரியவர் பிடித்துத் தடுத்தார். அதற்குள் அதிகாரியும் எழுந்து வந்துவிட்டார்.

"ஓட்டுங்கண்ணே."

"வேணாம்மா..."

"ஓட்டுங்க! பேய் இருந்தா என் கையும் போகட்டும்."

மெஷின் திறந்தது, மூட வந்தது. அவள் கையை நேராக வாய்க்குள் நீட்டினாள். முழங்கை கம்பியில் பட்டது. மெஷின் நின்றது. கத்திக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்.

"பாத்தீங்களா சார்? பேய் கம்பிக்குப் பயப்படுமா?"

அதிகாரி இப்போது மெஷினின் பக்கத்தில் நின்றுதான் எழுதினார். சூப்பர்வைசர் குழாயைப் பின்னால் மறைத்தான். அவன் அடித்ததில் வழிந்த ரத்தம் அவள் தாடையில் சொட்டிக்கொண்டிருந்ததால் அதற்கும் ஒரு பக்கம் எழுத வேண்டியதாயிற்று.

தம்பி ஒற்றைக் கையோடு ஒருநாள் வந்தான். மெஷினுக்கு மேலே புது அட்டை தொங்கியது.

கம்பியைக் கட்டிய கைதானே பேய்கண்டீர்
எம்பி மழைக்கில்லை பல்.

"எம்பின்னா?"

"என் தம்பின்னு அர்த்தம்டா."

அவன் அட்டையை இன்னொருமுறை படித்தான். பிறகு, "பழசு எங்க?" என்றான். அதிகாரியின் மேஜையிலிருந்து திரும்பி வந்த பழைய குறளை அவள் எடுத்துக் கொடுத்தாள். முதலில் கம்பியை இடக்கையால் தட்டிப் பார்த்தான், மெஷின் நின்றது. மறுபடி ஓடவிட்டு, பல்லும் பசியும் எழுதிய அட்டையை அந்த வாயில் வைத்துக் கையை எடுத்துக்கொண்டான். கத்திகள் இறங்கின.

"இன்னொரு தடவை" என்றான்.

துண்டு துண்டாகும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.