சிவகாமி மேடம் வெறும் ஸ்டாஃப் அல்ல

சனிக்கிழமை மதியம் எங்கள் கல்லூரி வேன் டிரைவர் போன் செய்தார். "ஐந்தருவி கார் பார்க்கிங்ல நோட்டீஸ் கொடுத்துக்கிட்டு நின்ன சிவகாமி மேடம் விழுந்துட்டாங்க. தென்காசிக்குக் கொண்டு போகுதோம்." நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலகரத்துச் சிவகாமி மேடம் எங்கள் கணினித் துறையில் ஜாவா என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுத்தவர். எனக்குப் பக்கத்து மேசை.

ஜாவாவில் தாய் வகை, பிள்ளை வகை என்று ஒரு பாடம் உண்டு. மாணவர்கள் அதில்தான் முழிப்பார்கள். மேடம் குற்றாலத்துப் பழங்களைக் கூடையோடு வகுப்புக்குக் கொண்டுபோவார். "மங்குஸ்தானைப் பழம்னு சொல்லிக் கூடையில போடலாம்லா? தப்பே இல்ல. ஆனா அதுக்கப்புறம் மெஷின் அதை வெறும் பழமாத்தான் பாக்கும். மங்குஸ்தானுக்குன்னு உள்ள வேலையை அதுகிட்ட கேக்க முடியாது. அதுக்காக உள்ள இருக்கது மாறிட்டுன்னு நினைக்காதீங்க." பிறகு கூடையைக் காட்டுவார். "திரும்ப எடுக்கும்போது எல்லாத்தையும் மங்குஸ்தான்னு சொல்லிருவீங்களா? வர்றது ரம்புட்டானா இருந்தா? புரோகிராம் எழுதும்போது மெஷின் தலையாட்டிரும். அது ஓடும்போதுதான் கவுத்தும். பாத்துட்டு மாத்துங்க."

எங்கள் நிர்வாகம் அப்படி எதையும் பார்த்து மாற்றியதில்லை. போன வருஷம் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பி.டி. சாரை ஜாவா லேபுக்கு அனுப்பினார்கள். ஸ்டாஃப்தானே, போய் எடுக்கட்டும் என்றார்கள். பாவம், அவர் மாணவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றார். மேடம் நேரே தாளாளர் அறைக்குப் போனார். "அந்த சாரை எதுக்கு அவமானப்படுத்துதீங்க? அவரை கிரவுண்டுக்கு அனுப்புங்க, லேபை நான் பாத்துக்கிடுதேன்."

சீசன் வந்துவிட்டால் சுற்றுலா வருகிறவர்களிடம் சேர்க்கை நோட்டீஸ் கொடுக்க ஆசிரியர்களை அருவிக்கரையில் நிறுத்துவது எங்கள் கல்லூரி வழக்கம். மேடத்துக்கு இதயத்தில் கோளாறு. அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாளாளரிடம் அதைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன்.

"ஸ்டாஃப்னா எல்லாரும் ஒண்ணுதாம்மா. ஆளுக்கொரு கதை கேட்டா நான் காலேஜ் நடத்த முடியாது" என்றார் அவர்.

வெளியே வந்ததும் மேடம் சிரித்தார். "பாத்தீங்களா, என்னையும் கூடையில போட்டுட்டாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு உயிரை நோட்டீஸ் கொடுக்க அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். வேறு எப்படிச் சொல்ல?

நேற்று இரங்கல் கூட்டம். "சிறந்த ஊழியரை இழந்தோம்" என்றார் தாளாளர். மேடம் என்ன பாடம் எடுத்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு. கூட்டம் கலையுமுன் என்னைக் கூப்பிட்டார்.

"ஐந்தருவியில அந்த இடம் காலியா இருக்கு. நாளைக்கு நீங்க போயிருங்க."

வாய் கூசவில்லை அந்த மனிதருக்கு.

"நான் பாடம் எடுக்க வந்தவ, சார். நாளைக்கு மேடம் விட்ட பாடத்தை எடுக்கப் போறேன். ஐந்தருவிக்குப் போக மாட்டேன்" என்றேன். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக, "நாங்களும் போகல, சார்" என்றார்கள்.

சிவகாமி மேடம், உங்களை வணங்கி வழியனுப்புகிறேன். போய் வாருங்கள். நீங்கள் விழுந்த இடத்தில் எங்களில் யாரும் இனி நிற்கப்போவதில்லை.