அண்ணாத்தே பார்த்து வந்த முகம்

அந்த சைக்கிளுக்கு மணி கிடையாது. மணி எதற்கு? பின்சக்கரத்து மட்கார்டு ஆடி ஆடி அடிக்கிற கடகட சத்தம் கேட்டாலே போதும், நான் வாழ்க்கைப்பட்ட அம்பத்தூர் ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களின் கையும் அப்படியே நின்றுவிடும். ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்கமாட்டாள். பிறந்த வீட்டில் யார் யார் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறார்கள் என்று அவரவர் மனசு ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வரும். சத்தம் நம்மைத் தாண்டிப் போய்விட்டால் மூச்சு வரும். கொஞ்ச நேரத்தில் அடுத்த தெருவிலிருந்து ஒப்பாரி கேட்கும். அப்பாடா, நமக்கில்லை என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை, பாம்புக்குப் பயந்தவள் இல்லை. அந்த ஓட்டை சைக்கிளுக்குப் பயந்திருக்கிறேன்.

அவர் என் பிறந்த ஊரான கரையான்சாவடிக்காரர். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே. பூந்தமல்லி அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. யாரோ ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சைக்கிள் அவர் கைக்கு வந்திருந்தது. அந்தக் காலத்தில் சாவு சொல்ல ஊரில் ஆள் இருந்தார் என்றாலும், அவர் நடந்துதான் போகவேண்டும். தூரத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள் சேதி கேட்டு, தலைவிரி கோலமாய் ஓடிவந்து சேரும்போது சுடுகாட்டில் புகைதான் மிஞ்சியிருக்கும். அண்ணாத்தேவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. பட்டணத்தில் பிழைக்கப் போயிருந்தபோது அவருடைய அப்பா இங்கே போய்ச் சேர்ந்தார். அவர் வந்து பார்த்தது சாம்பலைத்தான். "பெத்தவன் மொகத்த பாக்காத பாவம் என்னோட போவட்டும்" என்று சொல்லி, யாரும் கேட்காமலே இந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார். கைநீட்டி ஒன்றும் வாங்கமாட்டார். பிரசவ வலி எடுத்தவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் அதே சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். பிழைத்தவர்களை எண்ணினால் அதுவே ஒரு தெரு இருக்கும். ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது சாவை மட்டும்தான். ஊர் வாய் என்றைக்கு நல்லதைச் சொல்லியிருக்கிறது?

சாவு சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது, அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அதனால் அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுத் தண்ணீர் கேட்டார் என்றால் சாவில்லை, வேறு ஏதோ காரியமாக வந்திருக்கிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான், பெண்களுக்குச் சிரிப்பு தாங்காது. "சொம்பு போதுமா அண்ணாத்தே, கொடத்தோட கொண்டாரட்டா?" என்று கேலி பறக்கும். அவரும் சிரிப்பார். சிரித்தால் நல்ல முகம்தான் அவருக்கு.

நான் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "தங்கச்சி, நைனா பூட்டாரும்மா" என்றார். தண்ணீர் கேட்கவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், வண்டி கட்டுகிறவரைக்கும் பொறுடி என்று கத்தியது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை. கரைமேலேயே ஓடினேன், விழுந்தேன், எழுந்து மறுபடியும் ஓடினேன். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டேன். ஆனால் வயிற்றில் இருந்தது அந்தச் சாவு வீட்டிலேயே கலைந்துபோயிற்று. ஒரே வாசலிலிருந்து ரெண்டு துக்கம். அண்ணாத்தே அன்றைக்கு முழுக்கத் தெருவில் சைக்கிள் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாராம். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

மறுபடியும் நான் உண்டானது சண்டைக் காலத்தில். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும், தலைக்கு மேலே ஏரோப்ளேன் உறுமும். பட்டணத்து ஜனங்கள் குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு வந்து ஒண்டியிருந்தார்கள். அந்தக் கோடையில் ஏரி வற்றி, வாந்திபேதி பரவிற்று. வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகியிருந்தது. கடகட சத்தம் தினம் கேட்க ஆரம்பித்தது. எனக்கு நிறைமாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் போகவேண்டும், ஆனால் அம்மாவே வராதே என்று சொல்லியனுப்பிவிட்டாள். அங்கே எங்கள் தெருவில் பாதி வீடு காலி என்று பேச்சு. அத்தை என்னைத் தெருவாசல் பக்கமே விடவில்லை.

அன்றைக்குக் காலையில் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தது. தெருவில் திரும்பிற்று. தாண்டிப் போகும், போகும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில் நின்றுவிட்டது. என் கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்து எனக்கு முன்னால் மறைத்து நின்றாள். "யாருன்னு சொல்லிடுப்பா, சுத்தி வளைக்காத" என்றாள். அவள் குரல் நடுங்கியதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அண்ணாத்தே அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். ஒரு காலை ஊன்றியபடியே ரொம்ப நேரம் நின்றார். பிறகு இறங்கி, மெதுவாக ஸ்டாண்டு போட்டார்.

"இன்னா வெய்யிலு! ஒரு சொம்பு தண்ணி குடு தங்கச்சி."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தை "முருகா" என்று சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானே மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். பாதி நெஞ்சில் வழிந்தது. 

"இன்னா அண்ணாத்தே, கை இப்டி ஆடுது? காலையிலயே கள்ளா?"

"ஆமாம்மா, வயசாவுதில்ல" என்றார், கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லாமல்.

"எங்கம்மா எப்டி கீறாங்க?"

"அவங்களுக்கு இன்னா கொறச்ச? சௌக்கியமா கீறாங்க. புள்ள பொறந்ததும் தூக்கிகினு வரச் சொன்னாங்க."

இன்னொரு சொம்பு கேட்டார். இந்த முறை சொட்டு விடாமல் குடித்தார். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். மத்தியானம் கழனியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் தலையோடு குளித்து, ஈர வேட்டியோடு வந்து நின்றார். சோறு வேண்டாம் என்றார். உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, வெய்யில் என்றார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கு என்னவோ மனசை அரித்தது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

பெண் பிறந்தாள், உயிரோடு, வீறிட்டு அழுதுகொண்டு. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, பிள்ளையை மடியில் கிடத்திவிட்டு அத்தை சொன்னாள். அன்றைக்கு அவர் சொல்ல வந்தது அம்மாவின் சாவைத்தான். வாந்திபேதி. கழனியில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஆங்காரம் பொங்கிற்று. "ரெண்டு சொம்பு குடிச்சானே படுபாவி! பெத்தவ மொகத்த பாக்க உடாம பண்ணிட்டானே! அவன் நாக்கு அழுகிப் போவ!" என்று கத்தினேன். மண்ணை வாரித் தூற்றினேன். மடியில் கிடந்தது உயிரோடு இருக்கிறதே என்ற நினைப்பெல்லாம் அப்போது வரவில்லை. சேதி ஊர் ஊராகப் பரவிற்று. அதற்குப் பிறகு அவர் தண்ணீர் கேட்டால்கூட யாரும் நம்பவில்லை. குடித்தாலும் பயம், குடிக்காவிட்டாலும் பயம். சத்தம் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள்.

கொஞ்ச மாதம் கழித்து வந்தார். தெருவிலேயே எட்டி நின்றார், தண்ணீர் கேட்கவில்லை. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், வாய்க்கு வந்தபடி ஏசினேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் ஓய்ந்த பிறகு, "மொகந்தானே தங்கச்சி? உனக்கோசரம் நான் பாத்துகினு வந்தேன்" என்றார்.

"மொகம் வாடவே இல்லம்மா. நெத்தி நெறைய துன்னூறு. வெத்தல போட்டாப்புல ஒதடு செவப்பா கீது. லேசா எடது பக்கம் சாஞ்சி, தூங்கறாப்புலதான். யாரையோ கூப்புடப் போறாப்புல வாய் கொஞ்சம் தொறந்திருந்திச்சி. உன்னத்தான்னு நெனச்சிகினேன்."

அம்மாவுக்காக நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். நான் அழுது முடிக்கும்வரை நின்றுவிட்டு அவர் போனார். அடுத்த கோடையில் அதே வாந்திபேதி அவரையும் கொண்டுபோயிற்று. சைக்கிளில் வந்து சொல்ல ஆள் இல்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது கருமாதியே முடிந்திருந்தது.

வருஷங்கள் கழித்து, சுதந்திரம் வந்து, பெண்ணும் வளர்ந்து நின்றபோது என் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில் அம்மாவின் கடைசி முகத்தைப் பற்றிச் சொன்னேன். திருநீறு, சிவந்த உதடு எல்லாம் சொன்னேன். அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான்.

"எவன் சொன்னான் அக்கா? விடியறதுக்குள்ள சுகாதாரக்காரங்க வந்து பாய்ல சுருட்டிக் கட்டிட்டாங்க. நானே பாக்கல. அண்ணாத்தேவ தெருமொனையில நிக்க வெச்சிதான் சேதி சொல்லி அனுப்பினேன். சும்மா எட்ட நின்னு கும்புட்டுட்டுப் போவட்டும்னுதான் உன்ன கூட்டியாரச் சொன்னேன். அவரு திரும்பி வந்தப்போ ஊடு பூரா சுண்ணாம்பு தெளிச்சிட்டாங்க."

யாரோ சொன்னார்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். பேதியில் வறண்டு செத்தவளுக்கு உதடு எப்படிச் சிவந்திருக்கும்? அது தெருவில் அவர் தினம் பார்த்த, உயிரோடு இருந்த அம்மாவின் முகம். 'நீ வந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். அத்தனை ஏச்சையும் சாபத்தையும் வாங்கிக்கொண்டு, அதைச் சொல்லாமல், எனக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனுஷன்.

அந்தத் தெருவில் இப்போது பஸ் போகிறது, தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது. அன்று வயிற்றில் இருந்தவளுக்கே தலை நரைத்துவிட்டது. ஆயா கடைசியில் எப்படி இருந்தாங்க என்று சில நாள் கேட்பாள். நெற்றி நிறைய திருநீறு, சிவந்த உதடு, தூங்குகிற மாதிரி என்று சொல்வேன். நீதான் போகவே இல்லையே, யார் பார்த்தது என்பாள்.

"அண்ணாத்தே பாத்தாரு" என்பேன்.