நாடாவின் துளை

காலையில் தறிக்குப் போனதும் என் கண் முதலில் நாடாவின் துளைக்குத்தான் போகும். தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடி ஊடை நூலைப் போடும் மரக்கட்டை அது. நூல் தீர்ந்து புது நூல் சுற்றிய தார்க்குச்சியை உள்ளே போட்டால், நாடாவின் பக்கவாட்டுத் துளையில் வாய்வைத்து உறிஞ்சி நுனியை வெளியே எடுப்போம். எங்கள் ஊர் இளம்பிள்ளைப் பக்கம் நாங்கள் பழகியது அப்படித்தான். பகலில் நான் உறிஞ்சிய அதே துளையை இரவில் அக்கா உறிஞ்சுவார். உடன்பிறந்தவர் அல்ல, என் தறியை இரவில் ஓட்டுகிறவர்.

கொரோனா வந்தபோது பட்டறையில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அக்காவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. வெற்றிலை போட்ட வாயோடு தெம்பாக வந்து நிற்பார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு வருகிறாரோ என்று அவர் முந்தானை முடிச்சைக்கூட உற்றுப் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. இளைப்புக்காரர், வாசலைத் தாண்டாதவர். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அதன்பின் வீட்டிலும் பட்டறையிலும் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அக்காவுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

காய்ச்சல் என்பது கிருமியோடு உடம்பு போடும் சண்டை என்றார் சோதிக்க வந்த நர்ஸம்மா. சிலர் உடம்பு அதைச் சத்தமில்லாமல் முடித்துவிடுமாம். முன்பு வந்த சளியின் பழக்கமோ, பிறவி வாகோ, ஏன் சிலருக்கு மட்டும் அப்படி என்று முழுதாக யாருக்கும் தெரியாதாம். ஆனால் அவர்களிடமிருந்தும் மற்றவருக்கு ஒட்டும் என்றார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் ஏறியது. நேரே அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, நீங்கள்தானே கொண்டுவந்தது என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. 

"இருக்கலாஞ் சாமி. ஆனா உனக்குந்தான் ஒண்ணும் பண்ணுலியே. நீ குடுத்தத நான் உறிஞ்சுனனா, நான் குடுத்தத நீ உறிஞ்சுனயா, ஆருக்குத் தெரியும்?"

வந்த வழியே திரும்பி நடந்தேன். அவர்மேல் இருந்த சந்தேகம் மட்டும் போகவில்லை.

இப்போது முதலாளி நூல் இழுக்கக் கம்பிக் கொக்கி கொடுத்திருக்கிறார். அவசரத்தில் வாய்தான் போகிறது. அதனால் காலையில் அக்கா வைத்துவிட்டுப் போன நாடாவை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். போன வாரம் சாயங்காலம் டிபன் பாக்ஸை மறந்து, பாதி வழியில் திரும்பிப் போனேன். அக்கா எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். நான் வைத்துவிட்டுப் போன நாடாவின் துளையை, முந்தானை நுனியை முறுக்கி உள்ளே விட்டு, அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.